ஐம்பத்தொரு வயதில் நான் போட்ட வட்டம்

அன்புள்ள சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ நாவலூரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் பழைய சான்றிதழ்களைத் தேடுகிறேன் பேர்வழி என்று பீரோவைக் கிளறி, என் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை ஃபைலை இழுத்துவிட்டாய். உள்ளே நாற்பது ஐம்பது தாள்கள். எல்லாவற்றிலும் வட்டம், துளை, அம்புக்குறி, எண்கள். "யார் போட்டதும்மா இதெல்லாம்?" என்றாய். "நான்தான்டா" என்றேன். நீ ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டாய். சாம்பார் அடிபிடிக்கிறது என்று சொல்லி நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். சாம்பார் ஒன்றும் அடிபிடிக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம், அது முடிந்த கையோடு நீயும் நித்யாவும் பூனாவுக்குப் போகிறீர்கள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று அரைக்காதில் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் பெருமை பீற்றிக்கொள்வேன். பொறுத்துக்கொள்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். என்ன வேலை செய்கிறேன் என்று தெரியுமா? சத்தியமாகத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் காலையில் கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய்வரும் அம்மாவின் மேல் ரப்பர் வாடை வீசும் என்பது மட்டும் தெரியும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கிறார்கள் அல்லவா, இரும்போடு இரும்பை என்னதான் இறுக்கினாலும் தண்ணீர் கசியும். கசியாமல் இருக்க நடுவில் ரப்பரிலோ ஃபைபரிலோ ஒரு தட்டை வளையம் வைக்க வேண்டும். போல்ட் நுழைய அதில் சுற்றிலும் துளைகள் இருக்கும். அதுதான் கேஸ்கெட். நானும் இன்னும் ஏழு பெண்களும் அதைக் கையால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஷீட்டின் மேல் அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, கத்தியால் அறுத்து, துளைகளை பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்து எடுப்போம். அந்த வேலை போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. அதோடு என் தோள்பட்டை வலியும் போய்விட்டது.

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் எங்கள் மேனேஜர் பாஸ்கரன் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "தீவாளி முடிஞ்சதும் கட்டிங் மிஷினு வருதுக்கா. கம்ப்யூட்டர்ல படத்த குடுத்துட்டா கத்தி அதுவா ஓடி வெட்டிக்கும். நீங்கல்லாம் பேக்கிங்குக்கு வந்துடுங்க. யாருக்கும் வேல போவாது, பயப்படாதீங்க" என்றார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. மீதி இருக்கும் வருடங்களை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியே கழிக்க வேண்டுமா என்று தோன்றியது. "அந்தப் படத்த யாரு போடுவாங்க?" என்று கேட்டேன். "அதுக்கு வெளியில இருந்து ஒரு ஆளு எடுக்கப் போறோம்" என்றார். "வெளியில இருந்து இன்னாத்துக்கு சார்? நான் போடுறேன்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நீங்களா? கேட்டுன்னா இன்னான்னு தெரியுமாக்கா உங்களுக்கு?" என்றார். கேட் என்பது கம்ப்யூட்டரில் இந்த வரைபடங்களைப் போடுகிற மென்பொருள். எனக்குத் தெரியாது. "தெரியாது சார். மிஷினு வர்றதுக்குள்ள தெரிஞ்சிக்கிறேன்" என்றேன். "சரிக்கா, கத்துகினு வாங்க, பாக்கலாம்" என்று பேச்சை முடித்துவிட்டுப் போனார். என்னைக் கழற்றிவிடத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று பிடித்துக்கொண்டேன்.

வரைபடம் கற்கப் போகிறேன் என்று உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது? உனக்கு நினைவில்லாமல் இருக்காது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாய். முதல் வருடத்தில் இன்ஜினியரிங் டிராயிங்கில் தவறினாய். மறுபடி எழுதினாய், மறுபடியும் தவறினாய். உன் சித்தி வீட்டுக் காதுகுத்தில், அத்தனை சொந்தக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ உன் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியல, இவன் மிஷினு செய்யப் போறானாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ பாயசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாய். அடுத்த வாரமே உன் டிராயிங் போர்டைத் தூக்கி எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, உன்னைக் கலைக்கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தேன். நீ சண்டைகூடப் போடவில்லை. இன்றைக்கு நீ நன்றாக இருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகனைப் பார்த்துக் கோடு போடத் தெரியாதவன் என்று சொன்ன வாய், தானே கோடு போடத் தெரியாமல் தோற்றுத் திரும்பினால் எப்படி இருக்கும்? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று உன்னிடம் புளுகினேன். உன் அப்பாவுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று மிரட்டி வைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் வகுப்பு. ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை. முதல் நாள் நான் படியேறி உள்ளே போனதும், கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாலிடெக்னிக் பிள்ளைகள் எல்லாம் மரியாதையாக எழுந்து நின்றார்கள். சொல்லிக்கொடுக்கிற ரேவதிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "உக்காருங்கம்மா. நீங்க யாரோட அம்மா?" என்றாள். "சரவணனோட அம்மா" என்றேன். அவள் வருகைப் பதிவேட்டில் சரவணனைத் தேடினாள். "அதுல இருக்க மாட்டான்மா. சேர வந்தது நான்தான்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

கம்ப்யூட்டர் என்னைப் படுத்திய பாட்டை எழுதினால் ஒரு நோட்டு போதாது. முதலில் மவுஸ். சுத்தியல் பிடித்த கை அல்லவா, பட்டனை நான் அழுத்திய அழுத்தத்தில் மேசையே ஆடியது. "மெதுவாம்மா, அது உடைஞ்சிடும்" என்பாள் ரேவதி. இரண்டாவது வாரம் ஒரு சின்ன வளையமும் அதில் ஆறு துளைகளும் போடச் சொன்னாள். துளை பதினெட்டு மில்லி. வட்டத்துக்கான கட்டளையைக் கொடுத்துப் பதினெட்டு என்று அடித்தேன். துளைகள் பூதம் மாதிரி வந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. மென்பொருள் கேட்டது ஆரம். நான் கொடுத்தது விட்டம். பஞ்ச் வாங்கும்போது விட்டத்தைச் சொல்லித்தானே வாங்குவோம், ஆரத்தை யார் கண்டார்கள்? இன்னொரு நாள் மவுஸ் சக்கரத்தை எக்குத்தப்பாக உருட்டிவிட்டேன், ஒரு மணி நேரம் போட்ட படம் திரையில் இல்லை. வெறும் கறுப்பு. அழித்துத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, படம் எங்கயும் போவல, நீங்கதான் தூரமா போயிட்டீங்க" என்று இரண்டு எழுத்தைத் தட்டினான். முழுப் படமும் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டிப் படுத்திருந்தவர், "இன்னாத்துக்கு உனக்கு இந்தப் பேஜாரு? பேக்கிங்ல குந்திகினு காத்தாட வேல செய்யலாம்ல?" என்றார். அன்றைக்கு இரவு அவருக்கு உப்புமாதான்.

நான்காவது வாரம் நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். தாளில் ஒரு பாகத்தைக் கொடுத்து அப்படியே வரையச் சொன்னாள் ரேவதி. நான் வெளிக்கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். கையால் வெட்டுகிறவர்களுக்கு வெளி ஓரம்தானே முதலில்? அரை மணி நேரம் போராடினேன். துளைகள் ஒன்றும் அதனதன் இடத்தில் உட்காரவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது நகர்ந்தது. ரேவதி வந்து எல்லாவற்றையும் அழித்தாள். "சென்டர் லைன் எங்கம்மா? அத முதல்ல போடுங்க. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. மத்ததெல்லாம் அதுல இருந்துதான் அளக்கணும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வியை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சரவணா. நீ தவறிய வருடம் உன் டிராயிங் தாள்களை என் முன்னால் கொண்டுவந்து போட்டாயே, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, சென்டர் லைன் எங்கே என்று எழுதியிருந்தது. எனக்கு அது புரியவில்லை. உனக்கும் அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நான் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தேன். இது என்னடா கேள்வி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உன் வாத்தியாரிடம் போய் நின்றிருந்தால், அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். எல்லாத் தாளிலும் இருந்தது அந்த ஒரே தப்புதான்.

ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டேன். உனக்குக் கோடு போட வரவில்லை என்று ஊர் முன்னால் சொன்னேனே, அது பொய். உன் கோடுகள் நேராகத்தான் இருந்தன. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும்தான் உனக்குத் தெரியவில்லை. அதே இடத்தில்தான் நானும் விழுந்தேன். என்னைத் தூக்கிவிட ஒரு ரேவதி இருந்தாள், உனக்கு வாய்த்தது நான். என்னை மன்னித்துவிடு. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ மெக்கானிக்கல் படித்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்குத் தெரியும்? ஆசைப்பட்டதை நீயே விடுவது வேறு, நான் பிடுங்கிக்கொண்டது வேறு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஏதாவது ஒன்றில் தவறிவிட்டு வந்து நின்றால், முதலில் அந்தத் தாளை வாங்கி என்ன எழுதியிருக்கிறது என்று படி. புரியவில்லை என்றால் புரிந்தவரைத் தேடிப் போ. திட்டுவதற்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

அந்த வாரத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். டிபன் டப்பா மூடியை அளந்து வரைந்தேன். குக்கர் மூடியின் ரப்பரை வரைந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெல்ட் பக்கிளைப் பார்த்தால்கூட இதற்கு மையம் எங்கே என்றுதான் யோசனை ஓடியது. கண் மதிப்பை நம்பக்கூடாது என்று பழகுவதுதான் கஷ்டமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கண்ணால் பார்த்தே அரை மில்லி வித்தியாசத்தைச் சொன்னவள் நான். திரையில் இரண்டு கோடுகள் சேர்ந்துவிட்டன என்று கண் சொல்லும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு இடைவெளி பல்லைக் காட்டும். அப்படி ஓட்டை விட்டால் வெட்டும் கத்தி எங்கே திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடும். கோட்டின் முனையை மென்பொருளே கவ்விப் பிடிக்கும்படி ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வரைந்தால் ஓட்டை வராது. அதை நம்ப எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தீபாவளி முடிந்து மிஷின் வந்தது. பாஸ்கரனிடம் போய் நின்றேன். "சொன்னீங்களே சார், பாக்கலாம்னு" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு எளிய வேலையைக் கொடுத்தார். எட்டுத் துளை போட்ட வளையம், தடித்த ரப்பரில் பத்துப் பீஸ். இருபது நிமிடத்தில் வரைந்து கொடுத்தேன். கத்தி அழகாக ஓடியது. என் கூட்டாளிகள் கை தட்டினார்கள். அளந்து பார்த்தால் பத்தும் தப்பு. துளை எல்லாம் பெரிது, வெளி ஓரமும் பெரிது. எங்கே பிசகியது தெரியுமா? பஞ்ச் வைத்து அடித்தால் தடித்த ரப்பர் மறுபடி சுருங்கித் துளை சின்னதாகிவிடும். அதனால் அரை மில்லி பெரிய பஞ்சாக எடுப்போம். தாராளம் விடுவது என்று அதற்கு எங்களிடம் பெயர். வெட்டும்போது கத்தி உள்ளே சாய்ந்துவிடும் என்று வெளி ஓரத்துக்கும் தாராளம் விடுவோம். புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். என் விரல் யாரையும் கேட்காமல் பதினெட்டுக்குப் பதில் பதினெட்டரை என்று அடித்துவிட்டது. மிஷினோ இந்தச் சுருக்கத்தை எல்லாம் தானே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டு தாராளமும் சேர்ந்து ஒரு முழு ஷீட் பாழ்.

பாஸ்கரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வுடுங்கக்கா. ஒன்னாந்தேதிக்கு ஒரு ஆளு வர்றாரு, பேசிட்டேன். நீங்க பேக்கிங்க பாத்துக்கங்க" என்று தன்மையாகச் சொன்னார். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ரேவதியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அளவு எழுதிய தாளைப் பார்த்தாள், என் படத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் படத்துல போட்டீங்கன்னா எப்படிம்மா? முடிஞ்ச சாமான் எவ்வளவு இருக்கணுமோ அத மட்டும் போடுங்க. எப்படி வெட்டுறதுன்றது வெட்டுறவங்க பாடு" என்றாள். அன்றைக்கு மட்டும் மூன்று மணி நேரத்தில் பதினோரு படங்கள் போட்டேன். ஒன்றிலும் தாராளம் இல்லை.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போது கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. மாமல்லபுரம் தாண்டி ஒரு இறால் குஞ்சு பொரிப்பகம். கடல்நீரை இழுத்துக் கொடுக்கிற பம்பின் மூடியில் கசிவு. எங்கெங்கோ கேஸ்கெட் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் நிற்கவில்லை. வரைபடமும் இல்லை, பழைய கேஸ்கெட் கூழாகிவிட்டது. நேரில் போய் அளவெடுக்க வேண்டும். பாஸ்கரன் என்னிடம் வந்தார். "அக்கா, அளவு மட்டும் எடுத்துக் குடுங்க. படத்த வர்ற ஆளு போட்டுக்குவாரு" என்றார். நான் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன்: "நான் அளந்தத நான்தான் சார் போடுவேன். தப்பாச்சுன்னா நானே பேக்கிங்குக்குப் போயிடுறேன். அப்பறம் டிராயிங்னு வாயே தொறக்க மாட்டேன். சரியா வந்துச்சுன்னா அந்த நாற்காலி எனக்கு." அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "வண்டியில ஏறுங்க" என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மழை வேறு தூறிக்கொண்டே இருந்தது. அங்கே பம்பைப் பார்த்துக்கொள்கிற ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னொரு பம்பு ஏற்கெனவே படுத்துகினு கீதுக்கா. இத நிறுத்துனா அரை மணி நேரந்தான் டைமு. அதுக்கு மேல போனா குஞ்செல்லாம் செத்துப் பூடும்" என்றார். பம்பை நிறுத்தி மூடியைக் கழற்றினார்கள். நான் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளி விட்டம், உள் விட்டம், ஒரு ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பகுதி, எல்லாம் எடுத்தேன். துளை பதினாறு. ஒவ்வொரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே வெர்னியரை வைக்க ஆரம்பித்தேன். ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, ஒண்ண அளந்தா போதாதா? எல்லாம் ஒரே மாரிதான் கீது. டைமு ஓடுது!" என்றார். பாஸ்கரனும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் திரையில் கண்ணை நம்பிச் சூடு பட்டவள் நான். "பதினாறும் அளக்காம எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். நாற்பத்துநாலு மில்லி சொச்சம், அடுத்ததும் அதே, அதற்கடுத்ததும் அதே. பதினோராவது இடைவெளி மூன்று மில்லி கூடுதல். பன்னிரண்டாவது மூன்று மில்லி குறைவு. மீதி எல்லாம் பழையபடி. மூடியைத் தப்பான பக்கம் திருப்பிப் போடாமல் இருக்க, ஒரே ஒரு துளையை மட்டும் வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறார்கள்! துருவும் அழுக்கும் அப்பிக்கிடந்ததில் என் கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் சமமாகத் துளை போட்ட கேஸ்கெட்டை வைத்து, அந்த ஒரு போல்ட்டை அடித்து நுழைத்து, ரப்பரைக் கிழித்திருக்கிறார்கள். ஏழுமலை வெர்னியரைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். "அடங்கொப்புரானே!" என்றார். இருபத்தாறாவது நிமிடத்தில், கையிலிருந்த கசிகிற கேஸ்கெட்டையே தற்காலிகமாக வைத்து மூடியை மாட்டினார்கள்.

கம்பெனிக்குத் திரும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. அப்புறம் வட்டங்கள், ஆரமா விட்டமா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு. துளைகளை ஒரே கட்டளையில் சுற்றி அடுக்கிவிட்டு, தள்ளி இருந்த அந்த ஒன்றை மட்டும் அழித்து அதன் இடத்தில் உட்காரவைத்தேன். நாக்கு வளையத்தோடு சேருகிற இடங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஈரத்தில் ஊறிய என் குறிப்புத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினாறு இடைவெளியையும் திரையில் மறுபடி அளந்தேன். தாராளம் ஒரு மயிரிழைகூட விடவில்லை. கீழே கட்டத்தில் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் காலையில் மிஷின் நாலு பீஸை வெட்டிப் போட்டது. மறுபடி வண்டி, மறுபடி கடற்கரை. பம்பை நிறுத்தினார்கள். ஏழுமலை கேஸ்கெட்டை வைத்து போல்ட்டை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலாலேயே இறங்கியது. சுத்தியலை யாரும் தொடவில்லை. பதினாறாவதும் இறங்கியது. பம்பு ஓட ஆரம்பித்தது. மூடியைச் சுற்றி ஏழுமலை விரலை ஓட்டிப் பார்த்து, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒரு சொட்டு இல்லக்கா!" என்றார். காய்ந்த விரல்.

நான் கத்திவிட்டேன், சரவணா. ஐம்பத்தொரு வயதுப் பொம்பளை, ஆம்பிளைகள் நடுவில், ஸ்கூல் பிள்ளை மாதிரி "ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். அந்த ஷெட் முழுக்க எதிரொலித்தது. பாஸ்கரன் வெளியே போய்ப் போன் போட்டு, ஒன்றாம் தேதி வருவதாக இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தி, "இன்னா வோணுமோ சாப்புடுங்கக்கா" என்றார். இரண்டு மசால் தோசை சாப்பிட்டேன். உன் அப்பாவுக்கும் ஒன்று கட்டி வாங்கிக்கொண்டேன். அவர் அதைத் தின்றுகொண்டே, "இனிமே இன்னா, நீ ஆபீசரம்மாவா? எனக்கு நாஸ்தா கெடைக்குமா கெடைக்காதா?" என்று கேலி செய்தார். ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொன்னார் என்று அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிற எங்கள் தெருப் பெண்கள் சொன்னார்கள்.

இப்போது அந்த நாற்காலி என்னுடையது. சுழலும் நாற்காலி, பக்கத்தில் ஃபேன். வாரத்துக்கு இருபது படம் போடுகிறேன். இதை எல்லாம் உனக்குச் சொல்வது என் பெருமைக்காக மட்டும் இல்லை, பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி நித்யாவுக்காக. அந்தப் பெண்ணோடு வாழப் போகிறாய். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டாதே. அவள் அம்மா அப்படி, அவள் ஊர் அப்படி, பெண்களே அப்படி என்று எவனாவது உன் காதில் ஓதுவான். உன் அப்பா இருபத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டு, நான் பேக்கிங்குக்குப் போதும் என்று நினைத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கேட்டுப் பார்க்கவில்லை. நானும் உன்னைக் கேட்டுப் பார்க்கவில்லை. நித்யா ஏதாவது செய்யப் போகிறேன் என்றால், சிரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போடு. பூனாவில் உனக்கும் சாயங்கால நேரம் கிடைக்கும். உனக்கு இன்னும் அந்த ஆசை இருந்தால் சொல். இல்லை என்றாலும் சரி. இந்தத் தடவை முடிவு உன்னுடையது.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னாய். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நித்யாவின் அப்பா பெயருக்குக் கீழே கல்பாக்கத்தில் அவர் பார்த்த வேலை இருக்கிறது. அவள் அம்மா பெயருக்குக் கீழே ஆசிரியை என்று இருக்கிறது. உன் அப்பா பெயருக்குக் கீழே ஓட்டுநர். என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. உன்மேல் தப்பில்லை. பெண் வீட்டுக்குக் கொடுத்த பயோடேட்டாவில் தாயார் இல்லத்தரசி என்று எழுதச் சொன்னதே நான்தான். ரப்பர் வெட்டுகிறவள் என்று தெரிந்தால் உனக்குக் குறைச்சலாகிவிடும் என்று பயந்து, இருபத்திரண்டு வருடத்தையும் நானே அழித்தேன். இப்போது திருத்தம் சொல்கிறேன், எழுதிக்கொள். என் பெயருக்குக் கீழே, உன் அப்பாவுக்குப் போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில், படவரைவாளர் என்று போடச் சொல். அவ்வளவு பெரிய வார்த்தைக்கு இடம் பத்தாது என்று அச்சகத்துக்காரர் இழுத்தால், பத்திரிகையை என்னிடம் அனுப்பச் சொல். எந்த இடத்தில் எத்தனை மில்லி இருக்கிறது என்று நான் அளந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா